விதை காத்த வித்தகர் வவிலோவ்

விதைநெல்லிற் கைவைப்பதைக் குற்றமெனக் கொள்வது நம் கமக்காரரின் பழைய மரபு. வீட்டில் உலை ஏறாத நாளிலும், விதைக்கெனக் கட்டிவைத்த சாக்கை அவிழ்க்க அவர் மனம் ஒருப்படுவதில்லை. நாளைய விளைவுக்காக இன்றைய பசியைப் பொறுத்தல் என்னும் இவ்வொழுக்கமே கமத்தொழிலின் அடிப்படை எனலாம். இவ்வொழுக்கத்தை ஒரு குடும்பத்தின் அளவில் நிறுத்தாது உலகளாவிய முறையிற் கைக்கொண்டு, மானிடர் பயிரிடும் செடிகொடிகளுக்கெல்லாம் ஒரு பெரும் விதைக் களஞ்சியம் அமைத்து, ஈற்றில் தாமே சிறைக்கூடத்திற் பட்டினியால் மாண்ட ஒரு பேரறிஞரின் வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது. அவர்தாம் ருஷ்ய நாட்டுத் தாவரவியல் விஞ்ஞானி நிக்கலாய் இவானோவிச் வவிலோவ்.

வவிலோவ் ஐந்து கண்டங்களிலும் அலைந்து விதை தேடியவர். ஆயினும், கிழக்காபிரிக்காவின் மேட்டுநிலமாகிய அபிசீனியாவில் 1927 ஆம் ஆண்டில் அவர் மேற்கொண்ட பயணம் தனிச் சிறப்பு வாய்ந்தது. இன்று எதியோப்பியா, எரித்திரியா என வழங்கும் அந்நாடுகளின் மண்ணும் மழையும் பயிரும் அவருக்குக் கற்பித்த பாடம், காலநிலை பிறழ்ந்துவரும் நம் காலத்தில் முன்னெப்போதையும்விட வேண்டற்பாலதாகின்றது. ஆதலின் அவர் வாழ்க்கையை அந்த மேட்டுநிலத்தை நடுவாக வைத்து நோக்குவோம்.

வவிலோவ் 1887 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25 ஆந் திகதி மொஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் எளிய உழவர் குடியிற் பிறந்து, இளமையிலேயே நகரம் புகுந்து, தம் முயற்சியால் வணிகராக உயர்ந்தவர். மைந்தரும் தம் தொழிலையே தொடர வேண்டுமென விரும்பி, வணிகப் பாடசாலையில் அவரைச் சேர்த்தார். மைந்தரின் நாட்டமோ வேறு திசையிற் சென்றது. தம்பியார் செர்கேய் பௌதிகவியலிற் புகழீட்டினார். தமையனார் நிக்கலாய் பயிரியலை நாடினார். நிக்கலாய் நான்கு வயதுக் குழந்தையாக இருந்த 1891-92 ஆம் ஆண்டுகளில் ருஷ்யாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பரந்த விளைநிலங்களையுடைய ஒரு நாடு ஏன் அடிக்கடி பட்டினியில் வாடவேண்டும் என்னும் வினா, அத்தலைமுறையிற் கமத்தொழில் கற்கப் புகுந்தோர் பலரின் உள்ளத்தை உறுத்திய வினாவாகும்.

1906 இல் மொஸ்கோ நகரக் கமத்தொழிற் கல்லூரியிற் சேர்ந்த வவிலோவ், 1913 இல் இங்கிலாந்து சென்று வில்லியம் பேற்சன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். பிறப்புரிமையியல் என நாம் வழங்கும் விஞ்ஞானத்துக்கு ஆங்கிலத்திற் பெயரிட்டவர் பேற்சனே. பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளிடம் எம்முறையில் இறங்குகின்றன என்பதை மெண்டல் பட்டாணிச் செடிகளிற் கண்டறிந்த உண்மை, அப்பொழுதுதான் உலகினரால் உணரப்பட்டு வந்தது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் அவ்வாறே வழிவழி இறங்குமாயின், அவ்வாற்றலுள்ள செடியைக் கண்டுபிடித்து விளைச்சல் மிகுந்த செடியோடு கலந்து புதிய இனம் ஆக்கலாமன்றோ? வவிலோவின் வாழ்நாட் பணி இவ்வெண்ணத்தினின்று முளைத்ததேயாம்.

முதலாம் உலகப் போர் மூண்டதும் அவர் தாயகம் மீண்டார். 1916 இல் பாரசீகத்திலிருந்த ருஷ்யப் படைவீரர் உரொட்டி உண்டு மயக்கமுற்றனர். காரணம் காண அனுப்பப்பட்ட வவிலோவ், கோதுமையிற் கலந்திருந்த நச்சுக் களையின் விதையே அதற்கு ஏது எனக் கண்டார். வந்த வேலை முடிந்தபின் அவர் வாளாவிருக்கவில்லை. அங்கிருந்து பாமீர் மலைப்பகுதிக்கு ஏறிச் சென்று, எளிதில் எவரும் எட்டவியலாத பள்ளத்தாக்குகளில் வளர்ந்த தானியங்களைச் சேகரித்தார். மலைநாடுகளிலேயே பயிர்களின் வேறுபாடு மிகுந்து காணப்படுகின்றது என்னும் கருத்து அப்பயணத்தில் அவருக்கு உதித்தது.

1917 இல் வொல்கா நதிக்கரையிலுள்ள சராதோவ் நகரிற் பேராசிரியரானார். 1920 இல் அந்நகரிற் கூடிய மாநாட்டில் ஒரு புதிய விதியை எடுத்துரைத்தார். நெருங்கிய உறவுடைய பயிரினங்களில் வேறுபாடுகள் ஒத்த வரிசையிலேயே தோன்றும் என்பது அவ்விதியின் சாரம். கோதுமையின் ஓரினத்திற் கூருள்ள கதிரும் கூரற்ற கதிரும் உண்டெனின், அதன் உறவினத்திலும் அவ்விரண்டும் உலகில் எங்கேனும் இருத்தல் வேண்டும். காணப்படாவிடின் தேடுதல் வேண்டும். மெண்டலேயெவ் இரசாயன மூலகங்களுக்கு வகுத்த அட்டவணை வெற்றிடங்களைச் சுட்டியதுபோல, வவிலோவின் விதியும் இன்னும் காணப்படாத செடிகளைச் சுட்டியது.

அடுத்த ஆண்டு அவர் பெற்றோகிராட் நகருக்கு மாறி, பயன்தரு தாவரவியல் நிலையத்தின் தலைமையை ஏற்றார். அந்நகரமே பின்னர் லெனின்கிராட் எனப் பெயர் பெற்று, இன்று சென் பீற்றர்ஸ்பேர்க் என மீண்டும் பழைய பெயரோடு விளங்குகின்றது. அவர் பொறுப்பேற்ற 1921 ஆம் ஆண்டிலேயே வொல்காக் கரையிற் பெரும் பஞ்சம் தோன்றிப் பல இலட்சம் மக்களைக் கொன்றது. சேகரித்து வைத்திருந்த விதைகளிற் பலவும் போரிலும் புரட்சியிலும் அழிந்தன. வவிலோவ் மனந்தளரவில்லை. அதே ஆண்டில் அமெரிக்கா சென்று, விதைகளும் நூல்களும் திரட்டினார். 1924 இல் ஆப்கானிஸ்தானத்தின் மலைவழிகளிற் குதிரையேறிச் சென்று விதை சேகரித்தார். 1926 இல் பயிர்களின் பிறப்பிடங்களைப்பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒரு பயிர் எவ்விடத்தில் எண்ணிறந்த வேறுபாடுகளோடு காணப்படுகின்றதோ, அவ்விடமே அதன் பிறப்பிடமாதல் வேண்டும் என்பது அந்நூலின் கொள்கை. அத்தகைய இடங்களுள் ஒன்றாக அவர் அபிசீனியாவைக் குறித்தார். இனி அதனைக் கண்ணாற் காண்பதே எஞ்சியிருந்தது.

அபிசீனியாவை நோக்கி அவர் புறப்பட்ட பயணம் மத்தியதரைக் கடல் நாடுகள் வழியாக நெடுநாள் நீண்டது. சிரியாவில் மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றியது. கையிருந்த பணமும் சிறிது. சோவியத் நாட்டுக்கும் அபிசீனியாவுக்கும் இடையே அக்காலத்தில் அரசியல் உறவும் இருக்கவில்லை. இவற்றையெல்லாம் பொருட்படுத்தாது, ஜிபூத்தித் துறைமுகத்தில் இறங்கிய அவர் புகைவண்டி மூலம் மேட்டுநிலம் ஏறி, அடிஸ் அபாபாவை அடைந்தார். நாட்டின் ஆட்சிப் பொறுப்பைத் தாங்கியிருந்தவர் ராஸ் தபாரி. பின்னாளில் ஹெயிலி செலாசி என்னும் பெயருடன் முடிசூடியவர் இவரே. அவர் வவிலோவை அன்புடன் வரவேற்று, ருஷ்யப் புரட்சியைப்பற்றியும் அங்கு மன்னர் குடிக்கு நேர்ந்த கதியைப்பற்றியும் ஆர்வத்தோடு கேட்டறிந்து, நாட்டினுள்ளே செல்லவும் அனுமதி வழங்கினார்.

கோவேறு கழுதைகளும் ஏவலாளரும் கொண்ட சிறு கூட்டமொன்று வடக்கு நோக்கிப் புறப்பட்டது. பள்ளத்தாக்குகளில் இறங்கியும் மேடுகளில் ஏறியும், முதலைகள் வாழும் நீல நைல் நதியைக் கடந்தும், கொண்டார், அக்சும் முதலிய பழம்பதிகள் வழியாக அஸ்மாரா வரை அப்பயணம் நிகழ்ந்தது. வழியெல்லாம் வயலிலும் களத்திலும் சந்தையிலும் கைப்பிடி கைப்பிடியாகத் தானியம் வாங்கி, இடமும் உயரமும் குறித்துப் பையிலிட்டுக் கட்டுவது அவரது அன்றாட வேலை. இரவில் நான்கைந்து மணி நேரமே உறங்கும் வழக்கமுடைய அவருக்குக் களைப்பு என்பதே அறியாப் பொருளென உடன் பணியாற்றியோர் வியந்தனர்.

அவர் கண்ட நிலத்தின் இயல்பை இங்குச் சிறிது விளக்குதல் தகும். எதியோப்பிய மேட்டுநிலம் பண்டு எரிமலைக் குழம்பு படிந்து இறுகியதால் ஆயது. அக்கருங்கல் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து, சரிவுகளிற் செம்மண்ணாகவும், நீர் தேங்கும் சமநிலங்களிற் கரிய களிமண்ணாகவும் ஆயிற்று. அக்கரிசல் மழையில் ஊதிப் பெருத்துச் சேறாகிக் காலைப் பற்றும். கோடையிற் சுருங்கி வெடித்துப் பிளக்கும். வளம் மிகுந்ததாயினும் உழுவோனுக்கு எளிதில் இணங்காத மண் அது. எருதுகள் பூட்டிய மரக்கலப்பையால் அந்நாட்டவர் அதனைப் பண்டுதொட்டு உழுது வருகின்றனர். ஆனி முதல் புரட்டாதி வரை பொழியும் பெருமழை, சரிவுகளின் மேல்மண்ணை அரித்து ஆற்றிற் சேர்க்கின்றது. எகிப்து நாட்டைப் பல்லாயிரம் ஆண்டுகளாக வளம்படுத்திய நைல் வண்டல், பெரும்பாலும் இம்மலைநாட்டு மண்ணேயாகும். ஒருவரின் இழப்பு மற்றொருவரின் செல்வமாயிற்று.

உயரத்துக்கேற்ப அங்கு வெப்பம் மாறுபடும். நூறு மீற்றர் ஏறுந்தோறும் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகின்றது. ஆதலால் அந்நாட்டு உழவர் தம் நிலத்தை வெம்மை மிக்க கொல்லா, இடைத்தரமான வொய்னா தேகா, குளிர்ந்த தேகா எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பயிரை அறிந்து வைத்துள்ளனர். தாழ்ந்த வெப்ப நிலத்திற் சோளம் விளையும். நடுநிலத்தில் தெஃப் என்னும் தானியமும் கோதுமையும் விளையும். மூவாயிரம் மீற்றரையும் கடந்த குளிர் உச்சியிற் பார்லியே துணை. ஒருநாள் நடையில் ஏறி இறங்கும் ஒருவர், பல நாடுகளின் காலநிலைகளைக் கடந்தவராவார்.

தெஃப் என்பது அம்மக்களின் சிறப்புத் தானியம். ஆயிரம் மணிகள் சேர்ந்தாலும் அரைக் கிராம் நிறையேனும் வாராத அத்துணைச் சிறிய விதை அது. நீர் தேங்கிய கரிசலிலும் வாடாது. மழை குன்றினும் முற்றாகக் கைவிடாது. அதன் மாவைப் புளிக்கவைத்து வார்க்கும் இஞ்செரா என்னும் அப்பம், நம் தோசைக்கு உறவெனத் தோன்றும். எண்ணெய் தரும் நூக் விதையும் அந்நாட்டுக்கே உரியது. தென்பகுதி மலைகளில் என்செற் என்றொரு பயிர் உண்டு. வாழையை ஒத்த தோற்றமுடைய அதன் கனியை எவரும் உண்பதில்லை. தண்டையும் கிழங்கையும் புதைத்துப் புளிக்கவைத்து உணவாக்குவர். பல ஆண்டு நின்று வளரும் அது, மழை பொய்த்த காலத்தும் வெட்டியெடுக்கக்கூடிய உயிருள்ள களஞ்சியமாகும்.

நமக்கு நெருங்கிய செய்தியும் ஒன்று உண்டு. ஈழத்து வீடுகளிற் கூழுக்கும் பிட்டுக்கும் பயன்படும் குரக்கன், கிழக்காபிரிக்க மேட்டுநிலத்திலேயே காட்டுப் புல்லினின்று முதன்முதற் பயிராக்கப்பட்டு, பண்டைக் காலத்திலேயே கடல்கடந்து நம் பக்கம் வந்தது. வவிலோவும் அதனை அபிசீனியாவின் பயிர்களுள் வைத்து எண்ணினார். பெயரறியா ஆபிரிக்க உழத்தியர் தெரிந்தெடுத்த விதையை நாம் இன்றும் உண்டு வருகின்றோம்.

வவிலோவை எல்லாவற்றினும் மேலாக வியப்பில் ஆழ்த்தியது கோதுமையும் பார்லியுமே. ஐரோப்பிய வயலில் ஒரேவிதக் கதிர்கள் அணிவகுத்து நிற்கக் கண்டவர், அங்கு ஒரே வயலிற் பலவகைக் கோதுமைகள் ஒருங்கே கலந்து நிற்பதைக் கண்டார். ஊதா நிற மணியுடைய கோதுமை இருந்தது. கறுத்த பார்லி இருந்தது. வன்கோதுமையிற் கூரற்ற வகை இருத்தல் வேண்டுமெனத் தம் விதியால் எதிர்பார்த்த அவர், அதனையும் அங்கே கண்டார். மேலோட்டமாக நோக்குவோர் அக்கலப்பை ஒழுங்கின்மை எனக் கொள்வர். உண்மையில் அது உழவரின் காப்புறுதி. மழை பிந்தினால் ஒரு வகை தப்பும். துருநோய் வந்தால் மற்றொரு வகை நிற்கும். உறைபனி விழுந்தால் வேறொன்று கைகொடுக்கும். எல்லாம் ஒருசேர அழிவதில்லை.

அவ்வாறு கலந்து விதையாதார்க்கு நேர்வது யாது என்பதற்கு நம் இலங்கையே சான்று. அபிசீனியக் காடுகளுக்குரிய கோப்பிச் செடி, யேமன் வழியாக ஒருசில செடிகளின் சந்ததியாகவே உலகெங்கும் பரவியது. அவ்வாறு பரவிய குறுகிய மரபையுடைய செடிகளே இலங்கை மலைநாட்டிலும் காடழித்து நெடுகிலும் நடப்பட்டன. 1869 இல் இலைத்துருநோய் இங்கு தோன்றியது. எதிர்க்கும் ஆற்றலுள்ள வகை ஒன்றேனும் அத்தோட்டங்களில் இருக்கவில்லை. சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தொழில் வீழ்ந்து, மலைகளைத் தேயிலை மூடியது. தென்னிந்தியாவினின்று கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பட்ட இடர் எழுத்திலடங்காது. வேறுபாடே பயிரின் வலிமை என்பதை வவிலோவ் நூலில் எழுதுமுன்னரே, நம் மலைகள் இழப்பால் அறிந்திருந்தன.

பயணத்தின்பின் அபிசீனியாவையே வன்கோதுமை முதலியவற்றின் பிறப்பிடமென வவிலோவ் கருதினார். இக்கருத்து நிலைக்கவில்லை. காட்டுக் கோதுமை அங்கு வளர்வதில்லை. கோதுமையும் பார்லியும் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் முதலிற் பயிராகி, பின்னரே ஆபிரிக்க மேட்டுநிலத்தை அடைந்தன என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிபு. ஆயின் இத்திருத்தம் அம்மேட்டுநிலத்தின் பெருமையைக் குறைப்பதன்று, கூட்டுவதேயாகும். இயற்கை அங்குக் கொட்டிவைத்த செல்வமாக அவ்வேறுபாடு இருக்கவில்லை. வந்தேறிய விதையை ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு மண்ணுக்கும் இசையுமாறு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து பேணிய உழவரின் கையாற் பிறந்த செல்வம் அது. வவிலோவ் பிறப்பிடம் பற்றிப் பிழைத்தார். எதனைக் காக்க வேண்டும் என்பதிற் பிழைக்கவில்லை.

தாயகம் மீண்ட வவிலோவின் புகழ் உச்சியை எட்டியது. 1929 இல் சோவியத் நாட்டின் கமத்தொழில் விஞ்ஞானக் கழகத்தின் முதற் தலைவரானார். சீனம், ஜப்பான், கொரியா, மெக்சிக்கோ, தென்னமெரிக்கா எனப் பயணங்கள் தொடர்ந்தன. 1940 அளவில் அவர் நிலையத்திற் சேர்ந்த விதை மாதிரிகள் ஏறத்தாழ 250,000. அத்துணைப் பெரிய விதைத் தொகுதி அந்நாளில் உலகில் வேறெங்கும் இருக்கவில்லை.

ஆனால் நாட்டின் சூழல் மாறிவந்தது. தனியார் நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாக்கப்பட்டன. 1932-33 இல் மீண்டும் பெரும் பஞ்சம் வந்தது. புதிய பயிரினங்களை நான்கைந்து ஆண்டுகளில் ஆக்கித் தருமாறு ஆட்சியாளர் 1931 இல் ஆணையிட்டனர். நல்லதோர் இனத்தை ஆக்கப் பத்தாண்டுகளும் மேலும் வேண்டும் என்பது விஞ்ஞானிகள் அறிந்த உண்மை. உண்மை பேசுவோர் அரசுக்கு இனியராகவில்லை. விரைவில் விளைவு தருவதாக வாக்களித்த லைசெங்கோ இனியரானார். விதையைக் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்தினால் விளைச்சல் பெருகும் என்றும், சூழலால் அடையும் மாற்றம் அப்படியே சந்ததிக்கு இறங்கும் என்றும் அவர் கூறினார். மெண்டலின் விஞ்ஞானம் முதலாளி வர்க்கத்தின் பொய்யெனத் தூற்றினார். தொடக்கத்தில் இவ்விளைஞரை ஊக்குவித்தவர்களுள் வவிலோவும் ஒருவர் என்பது வரலாற்றின் கொடுமை. பிறர் முயற்சியில் நன்மையே காண விழையும் அவர் இயல்பு அங்கு அவருக்கே பகையாயிற்று.

ஸ்டாலினின் ஆதரவு லைசெங்கோவுக்கு வாய்த்தது. 1935 இல் கழகத்தின் தலைமை வவிலோவிடமிருந்து பறிக்கப்பட்டது. 1938 இல் அது லைசெங்கோவின் கைக்குச் சென்றது. 1939 இல் எடின்பரோவிற் கூடிய உலகப் பிறப்புரிமையியல் மாநாட்டுக்கு வவிலோவே தலைவரெனத் தெரியப்பட்டிருந்தும், அங்குச் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கொள்கையை மாற்றிக்கொண்டு பதவியைக் காத்த அறிஞர் பலர் இருந்தனர். வவிலோவ் தாம் மெய்யெனக் கண்டதைக் கைவிட மறுத்தார்.

1940 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6 ஆந் திகதி, மேற்கு உக்ரெயினிற் செர்னோவிற்சி நகரையடுத்த மலைப்புறத்தில் விதை சேகரித்துக்கொண்டிருந்தபோது அவர் கைதுசெய்யப்பட்டார். அன்று அவர் விட்டுச்சென்ற பையைப் பின்னர் பிரித்துப் பார்த்த உதவியாளர், அதனுள்ளே பழமையான கோதுமை வகையொன்றின் கதிர்களைக் கண்டனர். இரவு பகலாகப் பலநூறு மணி நேரம் விசாரணை நடந்தது. நாட்டின் கமத்தொழிலைக் கெடுத்தார், பிறநாட்டுக்கு உளவு பார்த்தார் என்பன குற்றச்சாட்டுகள். 1941 ஜூலை 9 ஆந் திகதி மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1942 இல் அது இருபதாண்டுச் சிறையாக மாற்றப்பட்டது. ஆயின் அதற்குள் சிறையுணவின் வறுமை அவர் உடலைத் தின்றுவிட்டது. சிறையில் எழுதுகருவி கிடைத்த காலத்தில் உலகக் கமத்தொழிலின் வரலாற்றை எழுதினார். அக்கையெழுத்துப் படி அழிந்தொழிந்தது. உடனிருந்த கைதிகளுக்கு அவர் விஞ்ஞானச் சொற்பொழிவுகளும் ஆற்றினார்.

ஜெர்மானியப் படை மொஸ்கோவை நெருங்கியபோது கைதிகள் சராதோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இளம் பேராசிரியராகப் புகழ் தொடங்கிய அதே நகரத்தில், 1943 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆந் திகதி, பட்டினியால் நலிந்து அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 55. பருப்பினங்களை ஆராய்ந்து நூலெழுதிய அவர் மனைவியார் யெலேனா பருலினா, போரினால் இடம்பெயர்ந்து, மகனோடு அதே சராதோவ் நகரிலேயே வறுமையில் வாழ்ந்திருந்தார். கணவர் மொஸ்கோச் சிறையில் இருப்பதாக எண்ணி, தம் குறைந்த உணவிற் சிறிது மிச்சப்படுத்திப் பொதிகட்டி அவ்விடத்துக்கே அனுப்பி வந்தார். சில வீதிகளுக்கு அப்பால் அவர் பசித்துக் கிடந்ததை அவ்வம்மையார் அறிந்திலர்.

இதே வேளையில் லெனின்கிராட்டில் நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. 1941 செப்டெம்பர் முதல் 1944 ஜனவரி வரை அந்நகரை எதிரிப் படை முற்றுகையிட்டிருந்தது. பல இலட்சம் மக்கள் பசியாலும் குளிராலும் மாண்டனர். வவிலோவின் நிலையத்து அறைகளிலோ மூட்டை மூட்டையாக நெல்லும் கோதுமையும் கடலையும் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைக் காத்திருந்த பணியாளர் ஒரு மணியையேனும் உண்ணவில்லை. நிலக்கடலையைப் பேணிய ஷூக்கின் தம் மேசையிலேயே இறந்தார். நெற்தொகுதியைக் காத்த இவானோவ், தம்மைச் சூழ நெல்லிருக்கப் பசியால் மடிந்தார். ஓட்ஸ் விதைகளைக் காத்த ரோடினா என்னும் அம்மையாரும் அவ்வாறே மாண்டார். மேலும் பலரும் மாண்டனர். தம் தலைவர் பகைவரெனச் சிறையிலிடப்பட்டதை அவர்கள் அறிவர். அவரைக் காக்க அவர்களால் இயலவில்லை. அவர் சேர்த்த விதையைக் காத்தனர்.

1955 இல் சோவியத் நீதிமன்றம் வவிலோவைக் குற்றமற்றவரென அறிவித்தது. ஐந்து கண்டங்களிலும் அவர் செய்த பயணங்களைக் கூறும் நூல், எஞ்சிய படிகளைக்கொண்டு 1962 இல் அச்சேறியது. அவர் அமைத்த நிலையம் அவர் பெயரையே பெற்றது.

அபிசீனிய விதையின் பயனும் படிப்படியாக வெளிப்பட்டது. வவிலோவுக்கு முன்னரே 1923 இல் அமெரிக்கப் பார்லி அறிஞர் ஹரி ஹார்லன் அந்நாடு சென்று விதை திரட்டியிருந்தார். பின்னாளிற் கலிபோர்னியாவிற் பார்லியை மஞ்சட் குள்ள நோய் தாக்கியபோது, உலகெங்குமிருந்து திரட்டிய பல்லாயிரம் வகைகளை ஆராய்ந்தனர். நோயைத் தாங்கியவற்றுள் மிகப் பெரும்பாலானவை எதியோப்பியப் பார்லிகளே. ஏழை உழவர் பேணிய விதை செல்வ நாட்டின் வயலைக் காத்தது.

ஆயின் அவ்வுழவரின் கதி யாது? 1973-74 இலும் 1984 இலும் எதியோப்பிய மேட்டுநிலத்தைப் பஞ்சம் சூறையாடியது. மழை பொய்த்தது ஒரு காரணம். போரும் ஆட்சியாளரின் அலட்சியமும் பிற காரணங்கள். பசியின் கொடுமையில் உழவர் விதைத்தானியத்தையும் உண்ண நேர்ந்தது. அன்று அழிந்த விதை, ஒரு பருவத்தின் விதை மட்டுமன்று, தலைமுறைகளின் தேட்டம். நற்பேறாக, 1976 இல் அடிஸ் அபாபாவில் ஒரு விதை வைப்பகம் நிறுவப்பட்டிருந்தது. அதன் தலைவராயிருந்த மெலாக்கு வொரேடே என்னும் எதியோப்பிய விஞ்ஞானி, உழவரின் விதைகளைத் தேடிச் சேர்த்துக் காத்ததோடு, அவற்றை மீண்டும் அவர்தம் வயல்களுக்கே கொண்டுசெல்லவும் பாடுபட்டார். வைப்பகத்திற் குளிரூட்டிய விதை உறங்கும் விதை. வயலில் விதைத்த விதையே மாறும் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தானும் மாறிக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் துணிபு. 1989 இல் மாற்று நோபெல் எனப் போற்றப்படும் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

இன்று புவி வெப்பமடைந்து வருகின்றது. மேட்டுநிலத்தில் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், குளிர்விரும்பும் பயிர் தன் பழைய நிலையைப் பெற நூற்றைம்பது மீற்றருக்கு மேல் ஏறவேண்டியதாகும். மலையோ மேலே செல்லச் செல்லக் குறுகுவது. உச்சியை எட்டிய பார்லிக்கு அதற்கப்பால் இடமில்லை. மழை தொடங்கும் காலமும் நம்பத்தக்கதாயில்லை. கனத்துப் பெய்யும் நாளில் மேல்மண் மேலும் அரிக்கப்படுகின்றது. 2020 இன் பிற்பகுதி முதல் 2023 இன் தொடக்கம் வரை, கென்யா, சோமாலியா, தென் எதியோப்பியா ஆகிய பகுதிகளிற் பருவமழை ஐந்துமுறை தொடர்ந்து பொய்த்தது. இத்தகைய நாளில், விரைவில் முதிரும் வகை, வறட்சி தாங்கும் வகை, நீர்த்தேக்கம் பொறுக்கும் வகை எனப் பலவும் கைவசம் இருப்பவனே பிழைப்பான். அவ்வகைகளோ புதிதாக ஆக்கப்படும் வரை காத்திருக்கவேண்டியவை அல்ல. அம்மேட்டுநில உழவரிடம் அவை முன்னரே உள்ளன. விளைச்சல் மிகுந்த ஒரேயொரு புதிய இனத்துக்காக அவற்றைக் கைவிடுவோமாயின், மலைநாட்டுக் கோப்பிக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும்.

வவிலோவின் வாழ்வைச் சீர்தூக்கிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகின்றது. பசியை ஒழிக்க எழுந்தவரைப் பசியாற் கொன்ற ஆட்சி, பசியைத் தீர்க்கும் குறுக்கு வழியொன்றை நம்பியது. குறுக்கு வழி பொய்த்தது. லைசெங்கோவின் முறைகள் சோவியத் கமத்தொழிலைப் பல்லாண்டு பின்தங்கவைத்தன. அபிசீனிய மேட்டுநிலத்தில் மரக்கலப்பை பிடித்த உழவர் குறுக்கு வழி நாடாதவர். ஒரு கைப்பிடி விதையில் எத்தனை பருவங்களின் பொறுமை அடங்கியுள்ளது என்பதை அவர் அறிவர். அப்பொறுமையை மதித்துக் கற்ற விஞ்ஞானி வவிலோவ். அவருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறும் அதுவே: நம் வயலிலும் தோட்டத்திலும் எஞ்சியிருக்கும் பழைய நெல்லையும் குரக்கனையும், அவற்றைப் பேணத் தெரிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, விதையெடுத்து விதைத்துக் காப்போமாக.